48 புள்ளி எடுத்த பயிற்சியாளரை ஏன் வைத்துக்கொண்டார்கள்?

2017 ஏப்ரலில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்ச லீக்கான என்எச்எல்லின் புள்ளிப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு முதலிடத்தில் யார் என்பதைவிடக் கடைசி வரிதான் முதலில் கண்ணில் பட்டது. கொலராடோ அவலான்ச்: 82 ஆட்டம், 22 வெற்றி, 56 தோல்வி, கூடுதல் நேரத்தில் தோற்றது 4. வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத் தோல்விக்கு 1 புள்ளி என்ற கணக்கில் மொத்தம் 48. அதற்கு ஒரு வரி மேலே இருந்த வான்கூவர் 69 புள்ளி எடுத்திருந்தது. கடைசி அணிக்கும் கடைசிக்கு முந்தின அணிக்கும் நடுவில் 21 புள்ளி இடைவெளி என்றால் அது தோல்வி இல்லை, சரிவு. அடித்த கோல் 166, வாங்கிய கோல் 278. 1999-2000 சீசனில் புதிதாக வந்த அட்லாண்டா த்ராஷர்ஸ் 39 புள்ளி எடுத்ததற்குப் பிறகு அதுவரை முழு சீசன் ஆடி இவ்வளவு கீழே போன அணி வேறு இருந்ததில்லை.

அந்த அணியின் பயிற்சியாளர் ஜாரெட் பெட்னர். என்எச்எல்லில் அது அவருக்கு முதல் வருடம். ஆட்டக்காரராக அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, உதவிப் பயிற்சியாளராகக்கூட ஒரு நாள் நின்றதில்லை. இப்படி ஒருவர் 48 புள்ளியோடு சீசனை முடித்தால் மறுநாளே பெட்டியைக் கட்டச் சொல்வதுதான் அந்த லீக்கின் வழக்கம். அவரை வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 2022 ஜூன் 26 அன்று, அதே பெட்னர் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

இந்தக் கதையை எல்லோரும் "பொறுமைக்குக் கிடைத்த பலன்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பொறுமையாக இருந்த அணிகள் நிறைய உண்டு, பத்து வருடம் பொறுமையாக இருந்து ஒன்றும் கிடைக்காத அணிகளும் உண்டு. பெட்னரிடம் என்ன இருந்தது, அதை அவர் எங்கே கற்றார் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்கு என்எச்எல்லை விட்டுவிட்டு இரண்டு படி கீழே இறங்க வேண்டும்.

கீழ்ப்படி

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி ஒரு மூன்று மாடிக் கட்டடம் மாதிரி. மேல்மாடி என்எச்எல். அதற்குக் கீழே ஏஎச்எல், இன்றைக்கு என்எச்எல்லில் ஆடுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த வழியாக வந்தவர்கள்தான். அதற்கும் கீழே ஈசிஎச்எல், 1988-இல் ஐந்து அணிகளோடு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆரம்பித்தது. ஒவ்வொரு என்எச்எல் அணிக்கும் கீழே ஒரு ஏஎச்எல் அணி, பெரும்பாலும் அதற்கும் கீழே ஒரு ஈசிஎச்எல் அணி என்று சேர்த்துக் கட்டியிருக்கும். மேலே ஒருவருக்கு முழங்காலில் அடிபட்டால் கீழே இருந்து ஒருவர் போவார், அவர் இடத்துக்கு அதற்கும் கீழே இருந்து இன்னொருவர் போவார்.

ஈசிஎச்எல்லில் வாரச் சம்பளம். அதுவும் சீசன் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். தங்க இடம் அணி கொடுக்கும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட். வெள்ளி, சனி ஆட்டம், பல நேரம் ஞாயிறும் ஆட்டம், நடுவில் பஸ். கோடையில் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஆடுகிறவர்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத் தாங்கள் மேல்மாடிக்குப் போகப்போவதில்லை என்று உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் ஆடுவார்கள். எனக்கு இந்த லீக் மேல் உள்ள பிரியமே அதனால்தான்.

பெட்னர் 1972 பிப்ரவரி 28 அன்று கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் யார்க்டன் என்ற ஊரில் பிறந்தவர். கோதுமை வயலும் குளிரும் ஹாக்கியும் உள்ள சமவெளி அது. டிஃபென்ஸ்மேன். மேற்கு கனடாவின் ஜூனியர் லீக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளுக்கு ஆடினார், ஆனால் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எச்எல் டிராஃப்டில் அவர் பெயரை யாரும் வாசிக்கவில்லை. 21 வயதில், 1993-இல், ஈசிஎச்எல்லுக்கு வந்தார். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் ஹன்டிங்டன் என்ற ஊரில் அந்த வருடம்தான் தொடங்கிய புது அணி, பெயர் பிலிசார்ட். ஏழு சீசன் தாங்கிய அணி அது, 2000-இல் மூடிவிட்டார்கள்.

1995-இல் பெட்னர் தென் கரோலினா போனார். சார்ல்ஸ்டன் பக்கத்தில், நார்த் சார்ல்ஸ்டன் கொலீசியத்தில் ஆடும் அணி, பெயர் ஸ்டிங்ரேஸ். ஸ்டிங்ரே என்றால் நம்ம திருக்கை மீன். கடலோர ஊர், புழுக்கமான வெயில், பனை மரம். பனி என்பதையே அபூர்வமாகப் பார்க்கிற மக்கள் நடுவில் ஐஸ் ஹாக்கி அணி. சஸ்காட்செவன்காரர் ஒருவருக்கு அந்த ஊர் முதலில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் அவர் அங்கே ஒட்டிக்கொண்டார். நடுவில் சில காலம் ஏஎச்எல்லிலும், அப்போது இருந்த ஐஎச்எல் என்ற இன்னொரு லீக்கிலும் ஆடிப் பார்த்தார், திரும்பவும் சார்ல்ஸ்டனுக்கே வந்தார். மொத்தத்தில் அந்த அணியோடு ஆட்டக்காரர், உதவிப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் என்று அவர் தொடர்பு 2009 வரை நீண்டது.

ஆட்டக்காரராக அவர் எப்படி? நேர்மையாகச் சொன்னால், முரட்டு ஆள். கோல் அடிக்கிற வகை இல்லை, உடம்பைக் கொடுத்து ஆடுகிற வகை, சண்டைக்கும் தயங்காதவர், தவறு செய்தவர்களை உட்காரவைக்கும் பெனால்டி பாக்ஸில் நிறைய நேரம் உட்கார்ந்தவர். 1997-இல் ஸ்டிங்ரேஸ் கெல்லி கோப்பை ஜெயித்தபோது அணியில் இருந்தார். அதற்கு முன் ஈசிஎச்எல் கோப்பைக்கு வேறு பெயர், கெல்லி கோப்பை என்ற பெயரில் முதலில் வாங்கியவர்களே இவர்கள்தான். அப்போது பயிற்சியாளர் ரிக் வைவ், டொரான்டோவுக்கு ஆடி மூன்று சீசனில் 50 கோலுக்கு மேல் அடித்தவர். 2001-இல் மறுபடியும் கோப்பை, அதிலும் பெட்னர் இருந்தார். 2002-இல் 30 வயதில் ஆட்டத்தை நிறுத்தினார். என்எச்எல்லில் ஆடிய ஆட்டம்: பூஜ்யம்.

பெஞ்சுக்குப் பின்னால்

அடுத்த நாளே அதே அணியில் உதவிப் பயிற்சியாளர் என்கிற மாதிரிதான் நடந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜேசன் ஃபிட்ஸிமன்ஸ், அவரும் ஸ்டிங்ரேஸுக்கு கோல்கீப்பராக நின்றவர், 1997 கோப்பை அணியில் பெட்னரோடு இருந்தவர். இருவருமாக 2002 முதல் 2007 வரை ஐந்து வருடம்.

இந்த ஐந்து வருடத்தை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் நடுமையம்.

என்எச்எல்லில் ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கு மூன்று நான்கு உதவியாளர்கள், கோல்கீப்பருக்குத் தனி, வீடியோவுக்குத் தனி, உடற்பயிற்சிக்குத் தனி ஆள் என்று ஒரு கூட்டமே இருக்கும். ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்க ஒரு பெரிய அலுவலகம் இருக்கும். ஈசிஎச்எல்லில் பெரும்பாலும் ஒரு தலைமை, ஒரு உதவி, அவ்வளவுதான். ஆட்டக்காரரைப் போனில் பிடித்துப் பேசிச் சேர்ப்பது அவர்கள்தான், வாரச் சம்பள உச்சவரம்புக்குள் கணக்குப் போடுவது அவர்கள்தான், எதிரணியின் வீடியோவைப் பஸ்ஸில் போகும்போது மடிக்கணினியில் வெட்டுவது அவர்கள்தான். புதிதாக வந்த பையனுக்குத் தங்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுகூட அவர்கள் தலையில் விழும்.

அதைவிடப் பெரிய சிரமம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் நீங்கள் ஒரு வரிசையை அமைத்து ஓட்டிப் பார்க்கிறீர்கள், எதிரணியில் ஆள் குறையும்போது வரும் பவர் பிளேயில் யார் எங்கே நிற்பது என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள், புதன் மாலை மேலே இருந்து போன் வருகிறது, உங்கள் நல்ல சென்டரையும் நல்ல டிஃபென்ஸ்மேனையும் ஏஎச்எல்லுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டம். நீங்கள் கோபப்படவும் முடியாது, ஏனென்றால் அந்தப் பையன்கள் மேலே போவதுதான் உங்கள் வேலையின் நோக்கமே, அவர்கள் போகிறபோது கைகொடுத்து அனுப்ப வேண்டும். அப்புறம் திரும்பி, இருக்கிறவர்களை வைத்து ஜெயிக்க வேண்டும். இதை வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் சோதனை, வாராவாரம் செய்தால் அது தொழில்.

இதில் ஒரு பயிற்சியாளர் இரண்டு வழியில் போகலாம். யார் வந்தாலும் போனாலும் நான் சொன்னபடி ஆடு என்று இறுகிப்போகலாம். இல்லை, எவன் வந்தாலும் இரண்டே நாளில் புரிந்துகொள்கிற அளவுக்குத் தன் ஆட்டமுறையை எளிமையாக்கி, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒரே நேர்மையோடு சொல்லக் கற்றுக்கொள்ளலாம். பெட்னர் இரண்டாவது வகை என்பது என் கணிப்பு, பின்னால் கொலராடோ அணியின் ஊரான டென்வரில் நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

2007-இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2009-இல் அலாஸ்கா ஏசஸ் அணியோடு இறுதிப் போட்டி, ஏழு ஆட்டம் முழுக்கப் போனது, ஏழாவதை ஸ்டிங்ரேஸ் ஜெயித்தது. சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளான பிளே ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய இளம் கோல்கீப்பர் ஜேம்ஸ் ரைமர், பின்னால் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸுக்கு நின்றவர். அந்த அணியில் இன்னொருவரும் இருந்தார், ஸ்பென்சர் கார்பெரி என்ற ஃபார்வர்டு. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு தடவை கீழே இறங்கியவர்

கோப்பை ஜெயித்த தலைமைப் பயிற்சியாளர் அடுத்து என்ன செய்வார்? பெட்னர் உதவிப் பயிற்சியாளராகப் போனார். ஏஎச்எல்லில் கால்கரியின் கிளை அணியான ஆபட்ஸ்ஃபோர்ட் ஹீட், ஒரு சீசன். லீக் ஒரு படி மேலே, பதவி ஒரு படி கீழே. 2010-இல் செயின்ட் லூயிஸின் கிளை அணி பியோரியா ரிவர்மென் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. இரண்டு சீசனோடு அந்த வேலை முடிந்தது.

இந்த இடத்தில்தான் பலரின் கதை நின்றுவிடுகிறது. 40 வயது, ஏஎச்எல்லில் ஒரு வாய்ப்பு கிடைத்து அது போயாயிற்று. பெட்னர் மறுபடியும் உதவிப் பயிற்சியாளர் ஆனார். கொலம்பஸின் கிளை அணியான ஸ்பிரிங்ஃபீல்ட் ஃபால்கன்ஸ், தலைமை பிராட் லார்சன். இரண்டு வருடம் அவருக்குப் பின்னால் நின்றார். 2014-இல் லார்சன் மேலே கொலம்பஸுக்குப் போனதும் அந்த இடம் பெட்னருக்கு வந்தது. 2015-இல் கொலம்பஸ் தன் கிளையை கிளீவ்லாண்டுக்கு, லேக் ஈரி மான்ஸ்டர்ஸ் அணிக்கு மாற்றியது. பெட்னரும் கூடவே போனார். அதுவரை அந்த மான்ஸ்டர்ஸ் யாருடைய கிளை என்று பார்த்தால், கொலராடோ அவலான்சுடையது. கொலராடோ விட்டுப்போன வீட்டில் குடியேறி, முதல் வருடமே ஏஎச்எல்லின் கால்டர் கோப்பையை எடுத்தார்.

எப்படி எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிளே ஆஃபில் 17 ஆட்டம், 15 வெற்றி. பல்கலைக்கழக சீசனை முடித்துவிட்டு நேராக வந்து சேர்ந்த 18 வயது டிஃபென்ஸ்மேன் ஸாக் வெரென்ஸ்கிக்குப் பெரிய பொறுப்பைக் கொடுத்தார். நன்றாகவே ஆடிக்கொண்டிருந்த யூனாஸ் கோர்பிசாலோவை நிறுத்திவிட்டு நடுவழியில் ஆன்டன் ஃபோர்ஸ்பெர்கை கோலில் நிறுத்தினார், ஃபோர்ஸ்பெர்க் அதன்பின் ஒன்றுகூடத் தோற்கவில்லை. இறுதிப் போட்டியில் எதிரே ஹெர்ஷி பேர்ஸ், ஏஎச்எல்லின் பழம்பெரும் அணி. முதல் மூன்று ஆட்டமும் மான்ஸ்டர்ஸுக்கு. 2016 ஜூன் 11, நான்காவது ஆட்டம், கிளீவ்லாண்ட் அரங்கில் 19,665 பேர். கீழ் லீக் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் வருவது சாதாரணமில்லை. மூன்று பகுதி முடிந்தும் 0-0. கூடுதல் நேரத்தின் 20 நிமிடமும் ஓடி, கடிகாரத்தில் 1.9 விநாடி மிச்சம் இருக்கும்போது ஆலிவர் பியோர்க்ஸ்ட்ரான்ட் அடித்தார். உள்ளே. 1-0. பக் என்ற அந்த ரப்பர் வட்டு வலைக்குள் போனதைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அப்போது அடுத்த கூடுதல் நேரத்துக்கு முன் என்ன வாங்கிச் சாப்பிடலாம் என்று எழுந்திருப்பார்கள். கிளீவ்லாண்டுக்கு 1964-க்குப் பிறகு கால்டர் கோப்பை அதுதான் முதல் தடவை. எட்டு நாள் கழித்து அதே ஊரின் கூடைப்பந்து அணி கவாலியர்ஸ் என்பிஏ பட்டம் ஜெயித்ததால் இந்தக் கோப்பை பலருக்கு மறந்துபோயிற்று.

டென்வரில் ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

பதினான்கு நாள்

2016 ஆகஸ்ட் 11. கொலராடோவின் பயிற்சியாளர் பேட்ரிக் ருவா ராஜினாமா செய்தார். ருவா சாதாரண ஆள் இல்லை, கோல்கீப்பர்களில் சிகரம், அந்த ஊருக்கு இரண்டு ஸ்டான்லி கோப்பை கொண்டுவந்த அணிகளில் நின்றவர். அணி முடிவுகளில் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று சொல்லி, பயிற்சி முகாமுக்குச் சில வாரங்களே இருக்கும்போது போய்விட்டார். ஆகஸ்ட் மாதம் ஒரு என்எச்எல் அணி பயிற்சியாளர் தேடுவது, முகூர்த்தத்துக்கு முதல் நாள் கல்யாண மண்டபம் தேடுகிற மாதிரி. நல்ல ஆட்களெல்லாம் எங்கோ ஒப்பந்தம் போட்டிருப்பார்கள்.

பொது மேலாளர் ஜோ சாகிக், இவரும் அந்த ஊரின் நாயகன், ருவாவோடு சேர்ந்து அந்த இரண்டு கோப்பைகளையும் ஜெயித்தவர். ஆகஸ்ட் 25 அன்று பெட்னரை அறிவித்தார். ஈசிஎச்எல்காரர் ஒருவர், மேல்மாடியில் ஒரு நாள் அனுபவம்கூட இல்லாதவர், ருவாவின் நாற்காலியில். உதவிப் பயிற்சியாளர்கள் ஏற்கெனவே இருந்தவர்கள், பெட்னர் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. ஆட்டக்காரர்களும் இன்னொருவர் பார்த்துச் சேர்த்தவர்கள்.

அப்புறம் நடந்ததுதான் மேலே சொன்ன 48 புள்ளி. முதன்மை கோல்கீப்பர் செம்யோன் வர்லமோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் போனார். டிஃபென்ஸில் முக்கியமானவரான எரிக் ஜான்சன் பாதி சீசன் இல்லை. சரி, காயம் எல்லா அணிக்கும் வரும், அதை மட்டும் சொல்லி 56 தோல்வியை மூட முடியாது. நேதன் மெக்கின்னன் அந்த அணியில் இருந்தார், கேப்ரியல் லாண்டஸ்காக் இருந்தார், மிக்கோ ரன்டனென் இருந்தார், மாட் டுஷேன் இருந்தார். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு 166 கோல்தான் என்றால் பயிற்சியாளர் பதில் சொல்லத்தான் வேண்டும். அந்த சீசனின் பெரும்பங்குப் பழி பெட்னருக்கு வரக்கூடாது என்று வாதாடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அவருடைய முறை அந்த வருடம் அந்த அணியிடம் போய்ச் சேரவில்லை.

ஆனால் இந்தப் பட்டியலே மறுபக்கத்துக்கும் சாட்சி. அடுத்த வருடம் வந்ததும் பெரும்பாலும் இதே ஆட்கள்தானே?

வைத்துக்கொண்டது

சாகிக் அவரை நீக்கவில்லை. காரணத்தை அவர் மனசுக்குள் போய்ப் பார்க்க முடியாது, நடந்ததை வைத்துச் சொல்லலாம். முதலில், ஆகஸ்ட் கடைசியில் வந்த ஒருவரை ஏப்ரலில் அளப்பது நியாயமில்லை. இரண்டாவது, அணிக்குள் மனஸ்தாபங்கள் இருந்தன, டுஷேன் வெளியே போக விரும்பினார், அந்தச் சிக்கல் பயிற்சியாளரை மாற்றுவதால் தீராது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: 48 புள்ளி சீசனில், வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தபோது, பெட்னர் ஆட்டக்காரர்கள் மேல் பழியைத் தூக்கிப்போட்டுப் பத்திரிகைகளில் தப்பித்துக்கொள்ளவில்லை. கீழ் லீக்கில் வளர்ந்தவருக்கு அது கைவராது. நாளைக்கு அதே பையனை வைத்துத்தான் ஆட வேண்டும் என்று பதினாலு வருடம் வாழ்ந்தவர் அவர்.

அந்த வசந்தத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. கடைசி இடத்துக்கு வந்த அணிக்கு டிராஃப்ட் குலுக்கலில் முதல் இடம் கிடைக்க அதிக வாய்ப்பு, 18 சதவீதம். குலுக்கினார்கள். நியூ ஜெர்சி முதலில், பிலடெல்பியா இரண்டு, டல்லஸ் மூன்று, கொலராடோ நான்கு. அவ்வளவு தோற்றும் நான்காவது இடம். டென்வரில் அன்றைக்கு எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அந்த நான்காவது இடத்தில் அவர்கள் எடுத்தது ஆல்பெர்ட்டாவில் இரண்டாம் நிலை ஜூனியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த ஒரு டிஃபென்ஸ்மேனை. பெயர் கேல் மகார். இன்றைக்கு அந்த டிராஃப்டைத் திரும்ப நடத்தினால் அவரை முதலாவதாக எடுக்காத அணி இருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் மகார் 2019 வரை வரவில்லை. அவர் வரும் முன்பே அணி எழுந்துவிட்டது, இதைக் கவனிக்க வேண்டும். 2017 நவம்பர் 5 அன்று, புரூக்ளினில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே டுஷேனை ஆடுகளத்திலிருந்து வெளியே கூப்பிட்டு ஒட்டாவாவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று அணிகள் சேர்ந்த பெரிய பேரம், கொலராடோவுக்கு சாமுவேல் ஜிரார்டும் டிராஃப்ட் இடங்களும் இன்னும் சிலரும் வந்தார்கள். நட்சத்திரத்தை விற்ற அணி இன்னும் சரியும் என்றுதான் நினைத்தார்கள். பெட்னர் லாண்டஸ்காக், மெக்கின்னன், ரன்டனென் மூவரையும் ஒரே வரிசையில் போட்டு விட்டுவிட்டார். முந்தின சீசனில் 16 கோல் அடித்த மெக்கின்னன் 39 அடித்தார், கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து மொத்தம் 97 புள்ளி. ரன்டனென் 84. வேகமாக மேலே போ, டிஃபென்ஸ்மேனும் கூடவே ஏறு, பக்கை இழந்தால் ஐந்து பேரும் சேர்ந்து துரத்து. சொல்வதற்கு எளிது, இரண்டு நாளில் புரிகிறது, எவன் வந்தாலும் ஆடலாம்.

2018 ஏப்ரல் 7, சீசனின் கடைசி ஆட்டம். எதிரே செயின்ட் லூயிஸ். யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் பிளே ஆஃபின் கடைசி இடம். கொலராடோ 5-2. 48 புள்ளியிலிருந்து 95 புள்ளி, ஒரே வருடத்தில் 47 கூடுதல். சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருதின் இறுதி மூவரில் பெட்னர் பெயரும் வந்தது, விருது வேகாஸின் ஜெரார்ட் கலன்டுக்குப் போனது.

இரண்டாம் சுற்றுச் சுவர்

அதற்குப் பிறகு நேராக மேலே போய்விடவில்லை. 2019-இல் மகார் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக பிளே ஆஃபுக்கு வந்து முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார், கால்கரியைத் தூக்கிவிட்டு இரண்டாம் சுற்றில் சான் ஹோசேயோடு ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். அந்த ஆட்டத்தில் சமன் செய்த கோலை ரத்து செய்தார்கள், காரணம் ஆட்டத்தை விட்டு பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்த லாண்டஸ்காக்கின் ஸ்கேட் நீலக்கோட்டுக்கு உள்ளே இருந்ததால் ஆஃப்சைடாம். பக்குக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. 3-2 தோல்வி. 2020-இல் தொற்றுக்காலத்து மூடிய அரங்கில் டல்லஸ், இரண்டு கோல்கீப்பர்களும் காயப்பட்டு மூன்றாமவர் நிற்க, மறுபடியும் ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரத்தில் யோயல் கிவிரன்டா என்ற புதுப் பையன் மூன்றாவது கோல் அடித்து முடித்தார். 2021-இல் லீக்கிலேயே முதலிடம் பிடித்து, வேகாஸ் மேல் 2-0 என்று முன்னால் போய், பின் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார்கள். மூன்று வருடமும் இரண்டாம் சுற்று.

நான் 48 புள்ளியைவிட இந்த 2021-ஐத்தான் பெரிய சோதனையாகப் பார்க்கிறேன். மோசமான அணியின் பயிற்சியாளருக்கு அனுதாபம் கிடைக்கும், நல்ல அணியோடு தோற்கிறவருக்கு அது கிடையாது. "அணியை எழுப்புகிறவர் வேறு, கோப்பையை எடுத்துக்கொடுக்கிறவர் வேறு" என்று எந்த விளையாட்டிலும் சொல்வார்கள், இவருக்கும் சொன்னார்கள். மறுபடியும் வைத்துக்கொண்டார்கள்.

2021-22: 56 வெற்றி, 119 புள்ளி. நாஷ்வில்லை 4-0, செயின்ட் லூயிஸை 4-2, எட்மன்டனை 4-0. இறுதியில் டாம்பா பே, முந்தின இரண்டு வருடமும் கோப்பை ஜெயித்தவர்கள். அங்கே பெஞ்சுக்குப் பின்னால் ஜான் கூப்பர், வக்கீல் தொழிலை விட்டுவிட்டுச் சிறுவர் அணிகளிலிருந்து ஏறி வந்தவர், அவரும் என்எச்எல்லில் ஆடாதவர், அவரும் ஏஎச்எல் கோப்பை ஜெயித்து வந்தவர். ஸ்டான்லி கோப்பையின் இறுதிப் போட்டியில் இரண்டு பெஞ்சுகளுக்குப் பின்னாலும் அப்படிப்பட்டவர்கள் நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது ஆட்டம் 7-0. நான்காவது ஆட்டம், கூடுதல் நேரத்தில் கொலராடோவின் கத்ரி அடித்தது. ஆறாவது ஆட்டம் டாம்பாவில்: டாம்பாவின் ஸ்டாம்கோஸ் முதலில் அடித்தார், மெக்கின்னன் சமன் செய்தார், லெஹ்கொனென் முன்னுக்குக் கொண்டுவந்தார். 2-1. மூன்றாவது பகுதி முழுக்க டாம்பாவை நல்ல இடத்திலிருந்து சுடவே விடவில்லை. சிறந்த ஆட்டக்காரர் விருது மகாருக்கு, அந்த நான்காவது இடத்துப் பையனுக்கு.

ஈசிஎச்எல், ஏஎச்எல், என்எச்எல் மூன்றிலும் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை ஜெயித்த முதல் ஆள் பெட்னர். அப்போது அவருக்கு 50 வயது.

அதற்குப் பிறகும்

இதை ஒரு மகுடாபிஷேகக் கதையாக முடிக்க நான் விரும்பவில்லை, ஏனென்றால் அது அப்படி முடியவில்லை. 2023-இல் சியாட்டிலிடம் முதல் சுற்றிலேயே ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. 2024-இல் டல்லஸ். 2025 ஜனவரியில் ரன்டனெனை கரோலினாவுக்கு மாற்றினார்கள், மார்ச்சில் அவர் டல்லஸுக்குப் போனார். ஏப்ரலில், சீசன் முடிய இருந்த நேரத்தில், லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டத்தில் பறந்து வந்த பக் பெஞ்சுக்குப் பின்னால் நின்ற பெட்னர் முகத்தில் அடித்தது. கன்னம் கிழிந்து, முகத்தில் எலும்பு முறிவு. கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வரவில்லை. பிளே ஆஃப் தொடங்கியபோது அந்தக் காயத்தோடு பெஞ்சில் நின்றார். டல்லஸோடு ஏழாவது ஆட்டம், மூன்றாவது பகுதியில் 2-0 என்று முன்னால் இருந்தார்கள். ரன்டனென் அந்த ஒரு பகுதியிலேயே மூன்று கோல் அடித்தார். பெட்னர் கைபிடித்து வளர்த்த ஆட்டக்காரர், எதிர்ப்பக்கச் சட்டையில். 4-2.

அந்தக் கோடையிலும் அவரை வைத்துக்கொண்டார்கள்.

கார்பெரியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 2009 கோப்பை அணியில் இருந்த அந்த ஃபார்வர்டு, அவரும் என்எச்எல்லில் ஒரு ஆட்டமும் ஆடாதவர், 2010-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதே ஸ்டிங்ரேஸில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்து, 2011-இல் பெட்னர் முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே ஐந்து வருடம், அப்புறம் ஏஎச்எல்லில் ஹெர்ஷி, அப்புறம் டொரான்டோவில் உதவியாளர், 2023-இல் வாஷிங்டனின் தலைமைப் பயிற்சியாளர். மூன்று லீக்கிலும் வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய முதல் ஆள் அவர், கடைசியாக வாங்கியது 2025-இல், பெட்னருக்கு 2018-இல் கைநழுவிய அதே ஜாக் ஆடம்ஸ் விருது. மூன்றிலும் கோப்பை வாங்கிய முதல் ஆளும், மூன்றிலும் விருது வாங்கிய முதல் ஆளும் 2009-இல் நார்த் சார்ல்ஸ்டனில் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில், ஒரே பஸ்ஸில் இருந்தார்கள்.